கரடியார் போட்ட மார்க்

அந்த மலையில் சுருட்டுக்கு மார்க் போடக் கரடியாரை விட்டால் வேறு ஆளில்லை. இது கரடியாரே சொன்னது. எண்பதுக்குக் கீழே அவர் மார்க் போட்ட சுருட்டை ஒருவரும் சீண்ட மாட்டார்கள்.

குரங்கு பன்னிரண்டு நாள் இலையைப் பதம் பார்த்து, தன் கையாலேயே உருட்டி, தங்கக் காகிதத்தில் பட்டை கட்டி, ஒரே ஒரு சுருட்டைக் கொண்டுவந்திருந்தது. அதற்கு ஒரே படபடப்பு.

"பத்தவைக்கிறதெல்லாம் அப்புறம். முதல்ல மோந்து பார்க்கணும்" என்று சுருட்டை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார் கரடியார். "ஆகா! ஏலக்காய்... மழையில நனைஞ்ச குதிரைச் சேணம்... பழுத்த பலா!"

இதையெல்லாம் எப்போது உள்ளே வைத்தோம் என்று குரங்குக்கே விளங்கவில்லை. ஆனாலும் உச்சி குளிர்ந்துபோனது.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு வந்து சுருட்டின் நுனியைக் கடித்தது.

"ஐயோ!" என்றது குரங்கு.

"பேசாதே! இப்பத்தான் மணம் கூடுது" என்று அதட்டினார் கரடியார்.

ஆடு நிதானமாகப் பாதியைத் தின்றது.

"அடடா, போகப் போக என்ன ஆழம்!"

ஆடு மீதியையும் தின்று, தங்கப் பட்டையையும் விழுங்கியது.

"முடிவுதான் அபாரம்!"

கரடியாரின் விரல்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. குரங்கு சிரிப்பை அடக்கத் தன் வாலையே கடித்துக்கொண்டது.

"தொண்ணூத்தெட்டு!" என்றார் கரடியார், கண்ணைத் திறக்காமலே.

குரங்கு ஒரு குட்டிக்கரணம் போட்டது. ஆனால் ஆசை விடவில்லை. "ஐயா, அந்த ரெண்டு மார்க் எதுல போச்சு?"

கரடியார் மூக்கைச் சுளித்தார்.

"கடைசியில லேசா ஆட்டு வாடை அடிச்சுது."