இடம் பிடித்த குடம்

தண்ணி லாரி வருமா வராதா என்று அதை ஓட்டுகிறவனுக்கே தெரியாத தெரு அது. விடிந்ததுமே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். வரிசையின் கடைசியில் எவர்சில்வர் குடம், எதையும் லேசில் நம்பாதது. அதற்கு முன்னால் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். அதன் அடியில் விரல் நுழைகிற ஓட்டை. இடம் பிடிக்க மட்டும் அதன் சொந்தக்காரி ரெஜினா அதை வைத்துவிட்டுப் போவாள்.

"கண்ணை மூடிக்கிட்டு, நான் நிரம்பிட்டேன், நிரம்பிட்டேன்னு சொல்லு. தண்ணி தானா வரும்," என்றது பச்சை.

"முதல்ல உன் அடியைப் பாரு," என்றது எவர்சில்வர்.

"இப்படிக் குறையையே பார்த்தா எப்படி வரும்?"

லாரி வந்தது. ரெஜினா ஓடிவந்து பச்சையை ஓரமாக வீசிவிட்டு, அந்த இடத்தில் புதுக்குடத்தை வைத்தாள். அது தளும்பத் தளும்ப நிறைந்தது. அடுத்தது எவர்சில்வர். பாதி நிறைவதற்குள் குழாய் இருமிவிட்டு ஓய்ந்தது. லாரி காலி.

சாக்கடையோரம் கிடந்த பச்சை கூப்பிட்டது. "பார்த்தியா? நான் நம்பி உட்கார்ந்த இடம் வழியுது. நீ அரை மனசா நின்னே, அரைக்குடம் வந்துச்சு."

'நிரம்பியது நீயில்லையே' என்று கேட்க எவர்சில்வருக்கு வாய் வரை வந்தது. அதற்குள் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் ஆறு பேர் அந்த அரைக்குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாளும் அதே வரிசை. எவர்சில்வர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கண்ணை மூடியது.

"நிரம்பிட்டேன்," என்று முணுமுணுத்தது.

முன்னாலிருந்த பச்சை திரும்பாமலே சொன்னது: "சத்தமா."