சிங்கங்கள் ஜெயிக்காத வருசம்

தென்காசியில் சம்பளம் வாங்கி பேஸ்பால் ஆடும் முதல் அணியான ‘குற்றாலம் சிங்கங்கள்’ இந்த வருசம் ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை.

“தோல்வி என் ரத்தத்திலேயே கிடையாது!” என்று பேட்டி கொடுத்த கையோடு, முதலாளி விஜயசங்கர் பயிற்சியாளர் சிவசைலத்தைக் குற்றாலத்தில் இருக்கும் தன் லாட்ஜுக்குக் கூப்பிட்டார்.

அங்கே, அன்று ஜெயித்த திருச்சி அணி குடும்பத்தோடு கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, வேலையை விட்டுத் தூக்கிராதீய. பயலுவ நல்லா தேறிட்டானுவ. அடுத்த மேட்ச் கண்டிப்பா ஜெயிச்சிருவோம்!”

முதலாளி முகம் செத்துப்போனது.

“ஏன்வே என் வயித்துல அடிக்கீரு? ஜெயிச்ச வெளியூர்க்காரன் அருவியில குளிச்சு, நம்ம லாட்ஜுல நாலு நாள் தங்குதான். நம்ம பயலுவ ஜெயிச்சா அவனவன் வீட்டுக்குல்லா போவான்!”