மொரிஸ் மைனருக்கு ஒரு சிவப்பு லைட்

"ஓட்டை போட்டா போட்டதுதான் அண்ணே. பொறகு பழைய மாதிரி ஆக்க ஏலாது" என்றான் றிஸாத்.

வரக்காப்பொலையில், கண்டி ரோட்டை ஒட்டியிருந்த அவனுடைய கராஜில் பழைய மொரிஸ் மைனர் கார் வாயைப் பிளந்தபடி நின்றது. என்ஜின் தனியாக மேசைமேல் இருந்தது.

வண்டிக்காரர் அந்தனி என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருடைய மனைவி ஹில்டா வாசல் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள், யாருக்கோ துணைக்கு வந்தவள் மாதிரி.

றிஸாத் பல வருஷமாகச் சொல்லிவருகிற யோசனைதான் இது. அந்தக் காலத்து என்ஜினில், ஒயிலில் ஒரு பங்கு மட்டும்தான் பில்டருக்குள் போய் வரும். மிச்சம் அழுக்கோடு அப்படியே சுற்றும். என்ஜின் புளொக்கில் ஒரு துளை போட்டு வழியை மாற்றினால் அத்தனை ஒயிலும் பில்டர் வழியாகவே போகும். கூடவே பலமான பம்ப் ஒன்றையும் மாட்டினால் ஏற்றத்தில் பயமில்லை.

ஒவ்வொரு தடவையும் அந்தனி ஒரே பதில்தான் சொல்வார். "பொறந்த உடம்புல யாராச்சும் ஓட்டை போடுவாங்களா?"

ரம்புக்கனைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து பெக்டரியில் என்ஜின் பார்த்தவர் அவர். ஷெட்டில் கோழி அடைந்து கிடந்த இந்தக் காரை, தோட்டத்துத் துரை மாற்றலாகிப் போகும்போது அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு உயிர் கொடுத்தது அந்தனி. ஒரு ஆணி மாற்றுவதென்றாலும் அதே காலத்து ஆணியைத் தேடி ஊர் ஊராக அலைவார். கொழும்பிலிருந்து பழைய கார் பைத்தியங்கள் வந்து பார்த்து, ஒன்றுமே மாற்றாத வண்டி என்று கைகுலுக்கிவிட்டுப் போனால், அன்றைக்கு அவருக்குச் சோறு வேண்டாம். மகள் ரோஷானிக்கு முந்திப் பிறந்த மூத்த பிள்ளை என்று ஹில்டா கேலி செய்வாள்.

அதெல்லாம் ரோஷானி கட்டாருக்குப் போவதற்கு முன்னால்.

மகள் வெளிநாட்டு வேலைக்குப் போவது அந்தனிக்குப் பிடிக்கவில்லை. ஹில்டாதான் மகள் பக்கம் நின்று அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்துபோனது. குசினியில் சமைத்துக்கொண்டே இவள் ஏதாவது கேட்டால் பதில் வராது. பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டாலும் வராது. கோபம் தணியட்டும் என்று காத்திருந்தாள். தணியவில்லை. பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

றிஸாத், என்ஜினிலிருந்து கழற்றிய ஒரு துண்டைத் துணியால் துடைத்து நீட்டினான். அதில் கோடு கோடாகக் கீறல்.

"மேட்டுல ஒயில் பத்தாம ஓடியிருக்கு. வண்டி கத்தியிருக்குமே அண்ணே?"

கத்தியது. போன மாதம் கண்டிக்குப் போகையில், கடுகண்ணாவ ஏற்றத்தில், ஹில்டாவுக்கே கேட்டது. "இங்க பாருங்க, என்னமோ டொக்கு டொக்குன்னு அடிக்குது" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் திரும்பவே இல்லை. என்னோடுதான் கோபம், வண்டியோடுமா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தனி அந்தத் துண்டை வாங்கி, கீறல்களை விரலால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"ஓட்டையப் போட்டுரு" என்றார்.

றிஸாத் நம்பாமல் அவரைப் பார்த்தான்.

ஹில்டா வாங்கின் நுனிக்கு நகர்ந்தாள். இந்த மனுசருக்கு வண்டியும் வெறுத்துப்போய்விட்டது. விற்கத்தான் போகிறார்.

அப்போது அந்தனி, றிஸாத்தின் தோளில் கைபோட்டு அவனை மேசைக்கு அந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். ஹில்டாவுக்கு முதுகைக் காட்டி நின்று, அவன் காதோடு குனிந்து, ரகசியம் சொன்னார்.

கராஜ் முழுக்கக் கேட்டது.

"டேஷ்போர்ட்ல பெருசா ஒரு செவப்பு லைட் வையி. ஒயில் கொறஞ்சா பளிச்சுன்னு தெரியணும். என் காது போச்சுப்பா. வண்டி கத்துறதே கேக்கல. ஹில்டாவுக்குத் தெரிய வேணாம். மகளும் பக்கத்துல இல்லாத நேரத்துல அவ பயந்துருவா."

மூலையில் ஒரு வேனுக்குத் தகடு தட்டிக்கொண்டிருந்த றம்ஸானின் சுத்தியல் நின்றுபோனது.

குரலை இன்னும் தணித்துக்கொண்டதாகத்தான் அந்தனி நினைத்திருப்பார்.

"அவ எங்கிட்ட பேசறத நிப்பாட்டிட்டாளா, இல்ல எனக்குத்தான் கேக்கலையான்னுகூட தெரியலப்பா."

றிஸாத் அவருடைய தோளுக்கு மேலாக ஹில்டாவைப் பார்த்தான்.

ஹில்டா சட்டென்று முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள், போகிற பஸ்ஸின் போர்டை வாசிப்பவள் மாதிரி.

றம்ஸான் அவளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பிறகு சுத்தியலை ஓங்கி, கராஜே அதிரத் தகட்டை அடிக்க ஆரம்பித்தான். இந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்க வழியே இல்லை என்பதுபோல் அடித்தான்.

கண் காயும்வரை ஹில்டா அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"டீ குடிப்போமாங்க?" என்றாள், உதடு நன்றாக அசையும்படி, மெதுவாக.

அந்தனியின் கண்கள் அவள் வாயில் நின்றன. கொஞ்சம் கொஞ்சமாக முகம் விரிந்தது.

"குடிப்போமே!" என்றார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.