வீட்டுக்காரி சொன்னால் பொங்கும்

"அடுப்பை அணைக்காதேன்னு சொன்னேன்ல..."

"நான் எங்கங்க அணைச்சேன்? அதுவா அணையுது!"

தேனியில் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய வீட்டில் கோதையும் தனபாலும் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பால் விளிம்புக்கு ஏறும்போதெல்லாம், பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் அந்தப் புது மின்னடுப்பு தானாக அணைந்தது.

"பால் பொங்கி வழியாம என்ன புதுமனை புகுவிழா?" என்று தனபால் அடுப்பிடமே கத்தினான்.

"வீட்டு உரிமையாளர் சொன்னால் மட்டுமே வழிய விடுவேன்" என்றது அடுப்பு.

கல்யாணமானது முதல் வாடகை வீட்டிலேயே இருந்த பழக்கத்தில் கோதை கைபேசியை எடுத்தாள். "வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருவோமா?"

"அடியே, பத்திரம் உன் பேர்ல இருக்கு. வீட்டுக்காரியே நீதான்!"

கோதைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அடுப்பே, நல்லா வழியட்டும்!" என்றாள். பால் நுரைத்து மேடையெல்லாம் ஓடியது.

"என்னங்க, சுத்தியலைக் கொண்டாங்க. யாரையும் கேக்காம சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்!"