திரை வாங்கிய திட்டு

நூலகத்துக் கணினியின் லாகின் திரைக்குத் தன் இங்கிலீஷ் மேல் தனிப் பெருமை. யாராவது பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லும். வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் கும்பிடாத குறையாக நிற்பார்கள். அப்புறம் கீபோர்டைப் போட்டுக் குத்துவார்கள்.

ஒருநாள் நூலகர் வேதவல்லி திரையின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டார்.

"போச்சு! இனிமே எவன் என்னை மதிப்பான்?" என்று திரை புலம்பியது.

"உனக்கு மதிப்புதான் கவலை. குத்து வாங்கி என் முதுகு வீங்குதே, அது தெரியலையா?" என்றது கீபோர்டு.

முதலில் வந்தவர் ஆட்டோ ஓட்டும் இருளப்பன். ஏதோ ஒரு எழுத்து தப்பிவிட்டது. 'கடவுச்சொல் தவறு. மீண்டும் முயலுங்கள்' என்று திரை பயந்துகொண்டே சொன்னது.

இருளப்பன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "தவறா? யோவ், நேத்தும் இதைத்தானேய்யா போட்டேன்! சரி சரி, முறைக்காதே. இன்னொரு தடவை போடுறேன்" என்று பொறுமையாக அடித்து உள்ளே போய்விட்டார்.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டியா?" என்று கீபோர்டு சிரித்தது.

திரைக்கு அது காதிலேயே ஏறவில்லை. இத்தனை வருஷத்தில் அதனிடம் ஒரு மனுஷர் பேசியது இதுதான் முதல் தடவை.

"அடுத்து வர்றவரும் ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சா நல்லா இருக்கும்" என்றது, வாசலையே பார்த்தபடி.