இரண்டு டம்ளர் சூப்

டிரையல் ரூமின் தாழ்ப்பாளைப் போட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டுதான் அவள் கேக் பெட்டியைத் திறந்தாள். தான் சாப்பிடுவதைத் தானே பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

கதவு தட்டப்பட்டது. துணிக்கடையில் அவளோடு வேலை பார்க்கும் பெண்.

"அக்கா, உள்ளே நீங்களா? கஸ்டமர் காத்துட்டு இருக்காங்க."

"அளவு பார்த்துட்டு இருக்கேன்" என்றாள், வாய் நிறைய கிரீமோடு.

"முதல்ல உதட்டைத் துடைச்சுட்டு வாங்க. நாளைக்கு ஆபரேஷனை வச்சுக்கிட்டு இப்படிப் பண்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

நன்றாக இல்லைதான். ஆனால் கேக் நன்றாக இருந்தது.

எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் சூப்பும் தண்ணீரும் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். "ஈரல் சுருங்கணும். ஏமாத்தினா ஆபரேஷன் கிடையாது" என்றபோது, அவருடைய பார்வை தன் மேலேயே நிற்பதாக அவளுக்குப் பட்டது. அந்த அறைச் சோபாவில் அவளும் கணவரும் உட்கார்ந்த பிறகு மூன்றாவது ஆளுக்கு இடமே இருக்கவில்லை.

அன்றைக்கே இருவரும் சத்தியம் செய்துகொண்டார்கள். ஒருவர் சாப்பிட்டு இன்னொருவர் வேடிக்கை பார்க்கிற கதையே கூடாது. வீட்டில் இனி இரண்டு டம்ளர் சூப் மட்டும்தான். கணவர் ஆபீசுக்கு நீண்ட லீவு போட்டார். அலமாரியில் இருந்த பிஸ்கட், சிப்ஸ், ஜாம் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. அதுவரை முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரி அன்றிலிருந்து வாசலில் நின்று நலம் விசாரிக்க ஆரம்பித்தாள்.

முதல் சில நாள் அவள் வீராங்கனைதான். பிறகு கடைக்கு எதிரே இருந்த பேக்கரி அவளை ஜெயித்துவிட்டது. அழுதுகொண்டே ஒரு பன், அழுததற்கு ஆறுதலாக இன்னொரு பன். யூனிஃபார்ம் இறுக்கிப் பிடித்தது. ஊருக்கெல்லாம் அளவு சொல்பவள், யாருக்கும் தெரியாமல் ஒரு அளவு பெரியதாக எடுத்து, உள்ளே தைத்திருந்த அளவுச் சீட்டைக் கத்தரித்து எறிந்தாள்.

மாமியார் போனில் வந்தார். "வயித்தைக் கிழிச்சுத்தான் மெலியணுமா? வாயைக் கட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஒரு பாட்டம் திட்டினார். மறுநாளே அவரிடமிருந்து ஒரு இனிப்புப் பெட்டி வந்தது. 'அப்புறம் சாப்பிட முடியாதாமே' என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு. பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி எடுத்துப் போனவள், மாடிப்படித் திருப்பத்திலேயே அதற்கு ஒரு வழி பண்ணிவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் கணவர் சூப்பை ஸ்பூனால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"நம்மால முடியும்னு நினைக்கிறியா?"

"முடியாம என்ன?"

"எல்லாம் பண்ணிட்டு, மறுபடியும் தின்னு தின்னு பழையபடி ஆயிட்டா? ஊரே சிரிக்குமே."

அவளுக்குச் சுருக்கென்றது. மதியம் உள்ளே போன கேக் நெஞ்சில் வந்து நின்று வழக்காடியது. டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"ஏன் குடிக்கலை?"

"பசிக்கலைங்க."

"உன் கட்டுப்பாடு யாருக்கும் வராது" என்று உருகிப்போய்ச் சொன்ன கணவர், வீணாக்குவானேன் என்று அவள் டம்ளரையும் எடுத்துக் குடித்துவிட்டார். அவளுக்குக் கேக் எப்படியோ செரித்துவிட்டது. அந்தப் பாராட்டுதான் செரிக்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், கணவர் கவுண்டரில் நின்றிருந்த நேரத்தில் அவளுடைய கால்கள் தாமாகவே கேண்டீன் பக்கம் போய்விட்டு வந்தன. அறைக்குள் வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பயத்தில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கணவர் பக்கத்தில் வந்து உட்கார, கட்டில் முனகியது. அவருக்கும் பயம்தான்.

வேகமாக உள்ளே வந்த நர்ஸ், கையிலிருந்த பச்சை கவுனை அவள் தோளில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது பத்தாது. பெரிசா ஒண்ணு கொண்டுவரேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுந்தது.

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே?"

அவ்வளவுதான். இரண்டு வாரமாக அடைத்து வைத்ததெல்லாம் உடைந்தது. அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"சாப்பிட்டேங்க! இப்பக்கூட கேண்டீன்ல பட்டர் பன். தினமும்தான் சாப்பிட்டேன். உங்களை நல்லா ஏமாத்திட்டேன். நீங்க என்னை எவ்வளவு நம்பினீங்க... நானெல்லாம் ஒரு மனுஷியா?"

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பட்டர் பன்னா? அய்யோ, தியேட்டர் ரெடியா இருக்கு, மயக்க டாக்டர் வந்தாச்சு! ஏம்மா, உனக்கு உயிர் மேல ஆசையே இல்லையா? இரு, டாக்டரைக் கூப்பிடுறேன். இன்னைக்கு ஆபரேஷன் கேன்சல்!"

கணவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். இரண்டு வாரத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் பயமும் எங்கோ போய்விட்டது. பச்சை கவுனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ தாராளமா சாப்பிடட்டும் சிஸ்டர். ஆபரேஷன் எனக்கு!"