பேட்டரியில் ஒரு பொட்டு

வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லோருடைய டிரில் மெஷின் பேட்டரிகளும் ஒரே மாதிரி இருந்து மாறிப்போகின்றன என்று என் கணவர் சவரிமுத்து புலம்பினார். கல்யாணமான புதிது. என் நகப்பாலிஷை எடுத்து அவருடைய நான்கு பேட்டரிகளிலும் தலா ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன்.

நேற்று மேட்டுத்தெரு ஏற்றத்தில் தண்ணீர்க் குடத்தோடு மூச்சு வாங்கி நின்றேன். தையல்கடை ஹெலன் பெடலை மிதிக்காமலே சைக்கிளில் என்னைக் கடந்து மேலேறிப் போனாள். சீட்டுக்கு அடியில் இரண்டு பேட்டரிகள். இரண்டிலும் என் சிவப்புப் பொட்டு.

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். "மிச்ச ரெண்டு பேட்டரி எங்க?"

"வேலை நடக்குற வீட்லயே சார்ஜ் போட்டிருக்கேன்."

"அந்த வீடு சைக்கிள்ல போகுதா?"

அவர் கை சோற்றிலேயே நின்றது. "பாவம்டி, அதுக்குக் கால்வலி. ஏத்தத்துல மிதிக்க முடியலன்னு சொல்லுச்சு. பழைய மோட்டார் ஒண்ணு கிடந்துச்சு, மாட்டிக் குடுத்தேன்."

"எனக்கும் கால் இருக்கு" என்றேன்.

இன்று சாயங்காலம் பக்கத்துத் தெரு தையல்கடையிலிருந்து இரண்டு பேட்டரிகளையும் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். என் முன்னால் வைத்துவிட்டு, "போதுமா?" என்றார்.

ஒன்றைத் தூக்கினேன். இன்னும் சூடாக இருந்தது. என் சிவப்புப் பொட்டை ஒட்டி, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஓர் ஊதா நகப்பாலிஷ் பொட்டு. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டிக்கொண்டது.